மூச்சுக்காரி

“இதென்னுங்க கேள்வி?” என்று ஆறுச்சாமி பேனாவை மேசைமேல் போட்டார். “எருமைக்கு மூச்சு நின்னுபோனா காப்பாத்தணுமா வேண்டாமான்னு கேட்டிருக்குது. வேண்டாம்னு எவனாச்சும் எழுதுவானுங்களா?”

எழுதுவார்கள். வாரத்துக்கு ஒருவராவது எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். அதை அவரிடம் எதற்குச் சொல்வானேன்?

“ஆமாம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போதும்” என்றேன். வேலைக்கு முன்னால் எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்காது. மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவர அரைமணி நேரம் ஆகும். ‘பேச்சுக் கொடுக்காதீர்கள்’ என்று கதவில் எழுதியே ஒட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, “ஏன், உடம்புக்கு என்னங்க?” என்று கேட்கிற ஊர் எங்கள் ஊர்.

“நீங்கதான் மூச்சுக்காரம்மாவுங்களா?”

“ஆமா.”

அரசாங்கம் எங்களுக்கு வைத்த பெயர் சுவாச இணைநர். அதைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பவதாரணி என்கிற என் சொந்தப் பெயரும் அப்படித்தான் ஆகிவிட்டது. அந்தப் பெருவிலங்கு மருத்துவமனையில் பதினோரு வருடம் நான் மூச்சுக்காரிதான்.

ஆறுச்சாமி விடுகிற மாதிரி இல்லை. “மெசினு இருக்குதேங்க, அப்பறம் நீங்க எதுக்குங்க?”

“மெஷின் காத்தை உள்ள தள்ளும். அதுக்கு அவ்வளவுதான் தெரியும். உங்க எருமையை மல்லாக்கப் போட்டா, அது வயிறே அது நுரையீரலை நசுக்கும். அதுக்கு மேல மயக்க மருந்து. மூச்சு விடணும்கிறதே மூளைக்கு மறந்துபோகும். மூச்சு மறந்தா நெஞ்சு நிக்கும். இத்தாப்பெரிய நெஞ்சு நின்னா, அமுக்கி ஓட்டறதுக்கு யாருக்குங்க பலமிருக்கு?”

“அடக் கடவுளே. அப்பறம்?”

“என் கழுத்துல ஒரு பட்டை, அது கழுத்துல ஒரு பட்டை. நான் பக்கத்துல உக்காந்து மூச்சு விடுவேன். என் மூளை ‘இழு, விடு’ன்னு சொல்றது அதுக்கும் கேக்கும். மறக்காது.”

“அதைக் கம்பியூட்டரே சொல்லக்கூடாதுங்களா?”

“சொல்லிப் பாத்தாங்க. பத்துக்கு நாலு செத்துப்போச்சு. உசிரு சொன்னாத்தான் உசிருக்குக் கேக்குது.”

அப்போது அப்படித்தான் இருந்தது. இப்போது அந்தப் பட்டைகளே புழக்கத்தில் இல்லை. கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக மூச்சு விடக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கதையை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

அவர் ‘ஆம்’ என்று பெரிதாக எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டார். பிறகு என் கழுத்தில் பட்டை உரசி உரசிக் கறுத்திருந்த தோலைப் பார்த்தார். “உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா அம்மிணி?” என்றார்.

பதினோரு வருடத்தில் மாட்டுக்காரர் ஒருவர் அதைக் கேட்டது அன்றுதான். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஒளித்து வைத்ததை ஒருவர் தொட்டுவிட்டால் எனக்கு அப்படித்தான் வரும். “எனக்கென்ன ஆகப்போகுது, போய் எருமைகிட்ட நில்லுங்க” என்று எரிந்து விழுந்தேன்.

ஆகிக்கொண்டுதான் இருந்தது. இணைப்பை அவிழ்த்த பிறகும் மூச்சு மெதுவாகவே ஓடும். தூக்கத்தில் அது நின்று நின்று வருகிறதென்று என் வீட்டுக்காரர் விரலை என் மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டே பாதி ராத்திரியை ஓட்டுவார். நெஞ்சுத் துடிப்பும் வருடா வருடம் இறங்கியது. ஐம்பதுக்குக் கீழே போனால் பட்டையை வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன் எனக்கு ஐம்பத்திரண்டு. அதன் பிறகு மாதாந்தரப் பரிசோதனைக்கு நான் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் குளியலறையில் கண் இருட்டி, வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு அந்த வேலைமேல் பைத்தியம். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. ஒரு குதிரை, ஒரு காளை, ஒருமுறை ஒரு யானைக்குட்டி என்று எல்லாம் என் மூச்சில் ஏறிக் கரை சேர்ந்தவை. அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன் என்று நினைத்தாலே அழுகை வந்தது.

எருமையின் பெயர் சிட்டு. எடை நானூற்று எண்பது கிலோ. “பேரு வச்சவரு அப்போ கண்ணாடி போடலீங்களா?” என்று மயக்க மருந்து டாக்டர் சபரீஷ் கேட்டார். ஆறுச்சாமி சிரிக்கவில்லை.

“கண்ணுக்குட்டியா இருந்தப்ப தத்தித் தத்தி வருமுங்க. என்ற ஊட்டுக்காரி வச்ச பேரு. அவ போயி நாலு வருசமாச்சு. இப்ப ஊட்டுல பேச்சுத் தொணைக்கு நானும் இதுந்தானுங்க.”

சபரீஷின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல பிள்ளை அவர். முப்பத்துமூன்று வயது, கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி எருமையின் காதைத் தடவிக் கொடுத்தார்.

தீனியோடு ட்ரோன் இறக்கைத் துண்டு ஒன்று உள்ளே போயிருந்தது. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் என்றைக்கோ உடைந்து விழுந்ததில் மிச்சம். அது இரைப்பையைக் குத்தி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தையும் கிழித்திருந்தது. கிழிசல் வழியாக இரைப்பை நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தைக்காவிட்டால் நான்கு நாள்கூடத் தாங்காது. தைக்கும்போது உதரவிதானம் வேலை செய்யாது, அதனால் அந்த நேரம் முழுக்க என் மூச்சுதான் அதன் மூச்சு.

அறுவை டாக்டர் ஷகிலா கையுறை மாட்டிக்கொண்டு, “ஒரு மணி நேரம் தாங்குவீங்களா தாரணிக்கா?” என்றார்.

“உங்க கை வேகமா இருந்தா முக்கால் மணியே போதும்” என்றேன்.

பட்டை பிடித்ததும் முதலில் அடுத்த பக்கம் கனமாக இருக்கும். மருந்தில் தூங்குகிற உடம்பு ஒரு சுவர் மாதிரி, பதிலே வராது. அந்தச் சுவரிடம் நான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இழுப்பேன், ஒரு நொடி நிறுத்துவேன், விடுவேன். அந்த நடுநிறுத்தம் என்னுடைய கெட்ட பழக்கம். அதற்காகப் பயிற்சியில் திட்டு வாங்காத நாளில்லை. வேறு எந்த இணைநருக்கும் அது கிடையாது, எந்த எருமைக்கும் கிடையாது.

திரையில் ஒரே ஒரு அலைதான் ஓடும், இரண்டு துடிப்பும் அதில் சேர்ந்தே வரும். நாய் என்றால் அதற்கு நூறு, எனக்கு ஐம்பது. எது யாருடையது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எருமைக்கோ ஐம்பதுக்குப் பக்கம்தான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இணைநரின் விரலில் தனியாக ஒரு கிளிப் மாட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. எருமை என்றால் நாங்கள் மாட்டுவதில்லை. எண் ஒன்றுபோல வரும்போது எதற்கு இன்னொரு ஒயர் என்று எல்லாருக்கும் ஒரு மெத்தனம். அன்றைக்கு அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

நாற்பது நிமிடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஷகிலா துண்டை இடுக்கியில் எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. “இதுக்குப் போயி பாரு!” என்று சபரீஷ் திட்டினார். தையல் தொடங்கியது.

அப்போதுதான் நெஞ்சு அடைத்தது. இடது தோளிலிருந்து முழங்கை வரை கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இழுத்தது. இணைப்பில் இருக்கும்போது எந்த வலி வந்தாலும் அது விலங்கின் வலி என்று எடுத்துக்கொள்வதுதான் எங்கள் பழக்கம். பதினோரு வருடம் அப்படித்தான் பிழைத்தேன். அதனால் வாய் தானாகச் சொன்னது:

“சபரீஷ், சிட்டுக்கு நெஞ்சு அடைக்குது.”

திரையில் அலை சரிந்தது. “மயக்க கேஸை நிறுத்தியாச்சு. ஆக்ஸிஜன் முழுசா. குழாய் சரியா இருக்கு. அட்ரினலின் எடுங்க!” என்று சபரீஷின் குரல் கேட்டது. எங்கோ தள்ளிக் கேட்டது. சிட்டுவை விட்டுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். இழு என்று சொல்லப் பார்த்தேன். சொல்ல ஆளில்லை.

அதன்பின் இருட்டு. அந்த இருட்டில் ஒரு மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. இழுத்தது, ஒரு நொடி நின்றது, விட்டது. பரவாயில்லை, நான் வேலையை விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது தீவனச் சாக்கு அடுக்குகிற அறையில் ஒரு கட்டிலில் கிடந்தேன். கையில் ஊசி, மூக்கில் குழாய். சபரீஷ் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

“சிட்டு?” என்றேன்.

“இருக்குதுக்கா. தைச்சாச்சு. முழிச்சுக்கிட்டு இருக்கு.”

“அப்பறம் எதுக்குக் கண்ணைக் கசக்கறீங்க? நெஞ்சு நின்னுச்சா அதுக்கு?”

“அதுக்கு நிக்கலக்கா. உங்களுக்கு நின்னுச்சு.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“நீங்க சொன்னதை நம்பி நான் எருமையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கேஸை நிறுத்தினேன், மருந்தைக் குறைச்சேன், காது நாடியைப் பிடிச்சேன். நாடி கிண்ணுனு அடிக்குது. திரையில அலை விழுந்துகிட்டே இருக்கு, கையில நாடி நல்லா இருக்கு. ஒண்ணுமே புரியல. ஷகிலாதான் ‘அக்காவைப் பாருங்க’ன்னு கத்தினாங்க. திரும்பினா, நீங்க உதடெல்லாம் நீலமா, தலை தொங்கிக் கிடக்கறீங்க.”

“ஐயோ.”

“உங்களைக் கீழ இழுத்துப் போட்டு நெஞ்சுல கை வச்சேன். அமுக்கறதுக்குள்ள அடிச்சிருச்சு. ஒரு அடி. அப்பறம் இன்னொண்ணு. மூச்சும் வந்துச்சு. ஆனா உங்க மூச்சு இல்லக்கா அது. ரெண்டு நெஞ்சும் ஒரே நேரத்துல ஏறி ஒரே நேரத்துல இறங்குது. உங்க பக்கத்துலருந்து ஒண்ணுமே போகல. அந்தப் பக்கத்துலருந்துதான் வந்துச்சு.”

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

“பட்டை ஒருவழின்னுதானே சொல்லுவாங்க” என்றேன் மெதுவாக.

“மயக்கத்துல கிடக்கிற வரைக்கும் ஒருவழிதான் போல. நாந்தான் கேஸை நிறுத்திட்டேனே. அது முழிச்சிருச்சு.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “வயிறு திறந்து கிடக்கு. ஷகிலா கையை உள்ள வச்சபடியே ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு நிக்கறாங்க. அது கண்ணைத் திறந்து உங்களையே பாக்குது. அந்த நிலைமைக்கு வந்த எந்த மாடும் உதறாம இருந்ததில்லக்கா. கழுத்தை ஒரு வீசு வீசினா பட்டை பிஞ்சிரும். அது அசையவே இல்ல.”

“எவ்வளவு நேரம்?”

“பதினோரு நிமிஷம்.”

“வலிக்கு?”

“ஒரு ஊசி போட்டிருந்தேன். அது பத்தாது. மருந்தைத் திருப்பிக் குடுத்தா அது தூங்கிரும். அது தூங்கினா நீங்க போயிருவீங்க. நான் குடுக்கலக்கா. கையில வச்சுக்கிட்டே நின்னேன். உங்களுக்குத் துடிப்பை ஏத்தற அட்ரோபின் போட்டேன், எருமைக்குன்னு எடுத்து வச்சது.”

“எருமை அளவுலயா?”

“ஐயோ, அளவு பாத்துத்தான்க்கா!” என்றார். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார். “உங்களுக்குச் சொந்தமா அறுபது அடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் பட்டையை எடுத்துட்டு அதைத் தூங்க வச்சோம்.”

வெளியே ஆம்புலன்ஸ் வர இன்னும் கால்மணி நேரம் ஆகும் என்றார். மனிதர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி தள்ளித்தான் இருந்தது. அதற்குள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். மடியில் இருந்த திரைப் பலகையை என் பக்கம் திருப்பினார்.

“இதைப் பாருங்க. அந்தப் பதினோரு நிமிஷத்து மூச்சு.”

கோடு ஏறியது. உச்சியில் ஒரு சின்னச் சமதளம். பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடியும் உச்சியில் சமதளம். என் கெட்ட பழக்கம்.

“எருமை இப்படி மூச்சு விடாதுக்கா. நாற்பது நிமிஷம் நீங்க சொல்லிக் குடுத்ததைக் கேட்டு வச்சிருந்து, அப்படியே உங்களுக்குத் திருப்பிக் குடுத்திருக்கு. உடம்பு தானாப் பண்ணின காரியம் இல்ல இது.”

அந்தச் சமதளத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். முந்தைய நாள்வரை என்னைக் கண்ணால்கூடக் கண்டிராத ஓர் எருமை.

சபரீஷ் குனிந்து உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது. “இதை நான் எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? எங்கப்பா ஆபரேசன் மேசையிலதான் போனாரு. மயக்கத்துல மூச்சு நின்னு. எனக்கு அப்போ பதினாறு வயசு. பக்கத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா அவர் எந்திரிச்சு வந்திருப்பாரு. எத்தனை வீட்டுல எத்தனை பேரு வருவாங்க!”

“வருவாங்க” என்றேன். அது பொய்யில்லை. அவருடைய பதினாறு வயதை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். “எங்கிருந்து வரும் அந்த எருமையெல்லாம்?”

அவர் பலகையை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“நான் சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு கொட்டாய் போடுவாங்க. வரிசையாக் கட்டி வைப்பாங்க. கழுத்துல பட்டை. தூங்கக் கூடாது, தூங்கினா நோயாளி போயிருவாரு. அசையக் கூடாது, அதனால தலையை இரும்புல மாட்டுவாங்க. ஒண்ணு செத்தா அடுத்ததை மாத்துவாங்க. தம்பி, நான் சம்பளம் வாங்கிட்டு, வேணும்னு போய் உக்காந்தவ. எனக்கே உடம்பு இப்படி ஆயிருச்சு.”

“அப்படியெல்லாம் செய்யாம சட்டம் போடலாமுல்லக்கா.”

“நீங்க நல்லவருதானே? ஊரிலேயே நல்ல கை உங்களுது. நீங்களே மருந்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னீங்க இல்ல? நான் தப்புச் சொல்லல. உங்க இடத்துல நானும் நின்னிருப்பேன். அதனாலதான் பயமா இருக்கு. அது குடுத்துச்சு சபரீஷ். நாளைக்குக் கயிறு கட்டி எடுப்பாங்க.”

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அப்பாவை நினைத்தாரோ, எருமையை நினைத்தாரோ. நான் அவர் முழங்காலில் கை வைத்தேன். “ஷகிலா என்ன சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“அவங்க அப்பவே சொல்லிட்டாங்க. ‘நான் வயித்துக்குள்ளதான் பாத்துக்கிட்டு இருந்தேன், வேற எதையும் பாக்கல’ன்னு.”

சபரீஷ் பலகையை எடுத்தார். அலை யாருடையது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை டாக்டர்தான் நிரப்ப வேண்டும். ‘இணைநருக்கு இதயத் துடிப்பு நின்றது. சிகிச்சையில் மீண்டது. விலங்கு நலம்’ என்று எழுதினார். அந்தப் பதினோரு நிமிட மூச்சுக்கு எதிரே ‘இணைநருடையது’ என்று போட்டார். சமதளம் இருக்கிறதே, யார் சந்தேகப்படுவார்கள்? கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

“உங்களுக்கு நெஞ்சு நின்னுச்சுன்னு எழுதினா, உடல்தகுதி இல்லைன்னும் எழுதணும்க்கா. இனி உங்களுக்குப் பட்டை கிடையாது.”

“தெரியும். எழுதுங்க.”

“பரிசோதனைக்குப் போகாததும் வெளிய வரும்.”

“வரட்டும். என் தப்புதானே அது. எழுதுங்கன்னா எழுதுங்க, சும்மா நொச்சு நொச்சுன்னு.”

எழுதினார். கையெழுத்துப் போட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். கெட்டிக்காரத்தனமாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பிடித்த வேலை போய்விட்டது, அதற்காக அழுதேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் என்னைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்கள். மதிய வெயில் கண்ணைக் குத்தியது. மீட்புக் கொட்டகையில் மணல்மேல் சிட்டு நெஞ்சை ஊன்றிப் படுத்திருந்தது. ஆறுச்சாமி அதன் கொம்பைப் பிடித்தபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

“டாக்டரம்மா சொன்னாங்க அம்மிணி. என்ற சிட்டுக்கு மூச்சு குடுக்கப்போயி உங்களுக்கு நெஞ்சே நின்னுபோச்சாமா! நான் கிறுக்கன், காலையில உங்ககிட்ட வம்பு பேசிப்போட்டேன்.” வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். “என்ற ஊட்டுல பேச்சுத் தொணையைத் திருப்பிக் குடுத்திருக்கறீங்க. இதுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க.”

வண்டி கொட்டகையைக் கடந்தது. சிட்டு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அந்தப் பெரிய கரிய கண்ணில் என்ன இருந்தது என்று நான் கதை விட மாட்டேன். பார்த்தது, அவ்வளவுதான்.

“எனக்கும் தெரியலீங்க” என்றேன்.

“பேசாதீங்க அம்மிணி, மருந்து மயக்கம்” என்று சொல்லி, ஆறுச்சாமி தன் துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.